அறுபது சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வெளிச்சம்

1

"இன்னைக்குத்தான் பூக்கணும்னு பூவுக்கு யாரு சொல்றாங்க?"

என் மகள் ஒரு நாள் இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. கேட்டது என்னை அல்ல. செடிகளை ஆராய்கிற ஒரு நிலையத்தின் நீண்ட நடையில் நின்றிருந்த கணித ஆராய்ச்சியாளரை. அவர் கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. பிஸ்கட் என் மகளுடையது, பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"யாரும் சொல்றதில்ல பாப்பா. அதுவே இருட்டை எண்ணிக்கிட்டிருக்கும்."

"எதுவரைக்கும் எண்ணும்?"

"இந்தச் செடியா? ஒரே மூச்சுல பதிமூணு மணி நேரம். இருட்டு அவ்வளவு நீளமா இருந்தா, சரி, பூக்கிற காலம் வந்தாச்சுன்னு தெரிஞ்சுக்கும்."

"நடுவுல யாராவது கூப்பிட்டா?"

"கூப்பிட்டா கேக்காது. வெளிச்சம் பட்டா எண்ணிக்கை விட்டுப்போயிரும். திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"பாவம்" என்று சொல்லிவிட்டு அவள் பிஸ்கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் பாதிதான் உண்மை. நான் ஒரு வார இதழில் ஒரு பக்க நன்னெறிக் கதைகள் எழுதுகிறவள். யாராவது யாருக்காவது சின்னதாக ஓர் உதவி செய்வார்கள், அது வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வரும், பக்கமும் முடிந்துவிடும். அப்படித்தான் உலகம் நடக்கிறது என்று மனதார நம்புகிறேன். ஆனால் இந்தக் கதையை மூன்று முறை ஒரு பக்கத்துக்குள் அடைக்கப் பார்த்தேன், அடங்கவில்லை.

2

கைவிட்ட தொடக்கங்களை மறைக்காமல் இங்கேயே வைத்துவிடுகிறேன்.

முதலாவது: *அந்த அறையில் எப்போதும் இரவு.*

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். அந்த அறையில் பத்து மணி நேரம் பகல், பதினான்கு மணி நேரம் இரவு. மாலை ஆறு மணிக்கு விளக்குகள் எரியும், அதிகாலை நான்கு மணிக்கு அணையும். நம்முடைய பகல் முழுவதும் அங்கே இரவு. பூட்டிய எஃகுக் கதவு ஒன்று, அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குச் சின்ன இடைவெளி, கறுப்புத் திரை, இன்னொரு கதவு. உள்ளே மூன்று அடுக்குத் தாங்கிகளில் நாற்பத்தெட்டுச் செடிகள்.

இரண்டாவது: *நிலையத்தின் காவலாளிக்குத் தூக்கம் வந்தது. யாரும் பார்க்காத அந்த இருட்டறையை அவர்...*

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை. (எங்கள் தெருமுனைக் கட்டடத்தின் காவலாளி என் கதைகளைத் தவறாமல் படிக்கிறவர். "ஏம்மா, எங்க ஆளுங்க மேலயே எல்லாத்தையும் போடுறீங்க?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்?) அந்த அறைக்குள் போனவர் காவலாளி இல்லை. அந்த அறையைக் கட்டிய எஞ்சினியர். விளக்கு, விசிறி, குளிர்ப்பான், வெளிச்சம் அளக்கும் கருவி என்று அதில் இருந்த அத்தனையையும் பொருத்தியவர். "இருள் நேரத்தில் கதவைத் திறக்காதீர்கள்" என்று தன் கையால் எழுதி ஒட்டியவரும் அவர்தான்.

அவர் என் வீட்டுக்காரர்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனிமேல் எளிது.

3

கதையில் யாருக்கு என்ன ஆபத்து என்பதைச் சொல்லாமல் இழுக்கக்கூடாது.

ஆபத்து பென்சிலுக்கு. அவள் அங்கே முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்த பெண். ஈரமான அறைகளில் பேனா மை கலைந்துபோகும், பென்சில் எழுத்து கலையாது. அதனால் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள். சில நாள் இரண்டு. ஒரு முறை வங்கியில் வரிசையில் நின்றபோது பின்னால் நின்றவர் ஒன்றை உருவி, படிவம் எழுதிவிட்டுத் திரும்பச் செருகினாராம். தெரியவே இல்லை என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய வேலை இதுதான். இருட்டின் நீளத்தைச் சொன்னால் ஒரு செடி எந்த நாளில் பூக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும் ஒரு சமன்பாடு. செடி அவளுடையது, சமன்பாடு கணித ஆராய்ச்சியாளருடையது, அறை என் வீட்டுக்காரருடையது. நாற்பத்தெட்டுச் செடிகளும் சமன்பாடு சொன்ன நாளில் பூத்துவிட்டால் ஆய்வேடு முடிந்தது. முப்பத்தொன்பதாம் நாள் என்று சொல்லியிருந்தது.

அவள் அம்மா வாரம் தவறாமல் தொலைபேசியில் கேட்பார். "அஞ்சு வருஷமா என்னடி பண்ற? படிக்கிறியா, தோட்டம் போடுறியா?"

"ரெண்டும்தான்மா."

"உன் சித்தி கேக்கிறா, பூக்கிறப்போ பூக்கட்டும், அதை ஏன் இவ உக்காந்து எண்ணணும்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"சித்தியை அறைக்குள்ள ஒரு நாள் உக்கார வைக்கிறேன்னு சொல்லு."

அந்தக் கணித ஆராய்ச்சியாளரை எல்லாரும் தசமம் சார் என்று கூப்பிடுவார்கள். 'ஏறக்குறைய' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. காப்பி எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட ஒரு கணம் யோசிப்பார்.

முப்பத்தொன்பதாம் நாள் வந்தது. முப்பத்தேழு செடிகள் பூத்தன. பதினொன்று பூக்கவில்லை. அவற்றில் சில மறுநாள் பூத்தன, சில ஒரு வாரம் கழித்து, மூன்று செடிகள் ஒன்பது நாள் கழித்து.

4

இப்போது அந்தத் தவறைச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியைத்தான் அதிக முறை கிழித்துப் போட்டேன்.

அந்த மாதம் நான் மருத்துவமனையில் இருந்தேன். இருபத்திரண்டு நாள், ஓர் அறுவை சிகிச்சை. *அவர் மிகவும் மனம் உடைந்து...* வேண்டாம். அவர் மனம் உடைந்ததா என்று எனக்குத் தெரியாது. காலையில் மகளைப் பள்ளியில் விட்டார், வேலைக்குப் போனார், மாலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். உரித்த ஆரஞ்சைப் பாதிக்கு மேல் அவரே தின்றார். நான் பார்த்தது இவ்வளவுதான்.

பார்க்காதது இது. அந்த நிலையத்தில் எல்லாச் சுவர்களும் கண்ணாடி. யாரும் பார்க்காமல் ஒருவர் தும்மக்கூட முடியாது. கதவைச் சாத்திக்கொண்டால் முற்றிலும் தனியாக இருக்கக்கூடிய இடம் அந்த ஓர் அறைதான். சாவி அவரிடம் இருந்தது. ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனதும் உள்ளே போவார். முதல் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, அதன் பிறகுதான் இரண்டாவது கதவைத் திறப்பார். தரையில் உட்கார்ந்து எனக்காகப் பிரார்த்தனை செய்வார். அவருக்கு மனப்பாடமாகச் சொல்ல வராது, சின்னப் புத்தகத்தைப் பார்த்துத்தான் படிப்பார். அதற்குக் கைப்பேசி விளக்கு. நான்கு நிமிடம்.

அவர் கவலையே படாமல் இதைச் செய்தார் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் மாலையே வெளிச்சம் அளக்கும் கருவியின் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார். கோடு தட்டையாக, சுழியத்திலேயே இருந்தது. அப்பாடா என்று இருந்திருக்கிறது. மறுநாளும் பார்த்தார், அதே தட்டைக் கோடு. தான் செய்த கருவி பொய் சொல்லாது என்று நம்பினார்.

கருவி பொய் சொல்லவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் அது கண்ணைத் திறந்து பார்க்கும். பதிவு நிரம்பிவிடக்கூடாதென்று அப்படி அமைத்ததும் அவர்தான். அவருடைய நான்கு நிமிடமும் அதன் இரண்டு பார்வைகளுக்கு நடுவில், இருபத்திரண்டு நாளும் விழுந்தது. ஒரு மணி அடித்து இரண்டு நிமிடத்துக்கு உள்ளே போய் ஆறாவது நிமிடத்தில் வெளியே வருகிற ஒழுங்கான மனிதர். கொஞ்சம் ஒழுங்கு குறைந்தவராக இருந்திருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பார்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: நான் பிழைத்தது அந்தப் பிரார்த்தனையால்தான் என்று நம்புகிறேன். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரும் அதில் பங்கு பெறுவார். ஒரு பெண்ணின் ஐந்து வருட உழைப்பு அந்த நான்கு நிமிடங்களில் கரைந்துகொண்டிருந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே கதைக்குள் வைக்க எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்கிறேன்.)

5

பதினொரு செடிகள் தாமதமானதில் துறைத் தலைவரான பேராசிரியைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. செடிகள் பூப்பதற்கு முன் தயங்குகின்றன என்று அவர் முடிவு செய்துவிட்டார். சமன்பாட்டில் புதிதாக ஓர் எண்ணைச் சேர்த்தால் போதும், எல்லாம் பொருந்தும். 'தயக்கக் கெழு' என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. கட்டுரையின் முதல் வரைவு தயார்.

பேராசிரியை கெட்டவர் இல்லை. என் முதல் வரைவில் அவரைக் கெட்டவராக்கி, மூக்குக் கண்ணாடி எல்லாம் மாட்டிவிட்டிருந்தேன், எடுத்துவிட்டேன். பென்சிலுக்கு உதவித்தொகை முடிய ஐம்பத்திரண்டு நாள்தான் பாக்கி என்பது அவருக்கும் தெரியும். இருப்பதை வைத்து அவளைக் கரை சேர்க்கத்தான் பார்த்தார்.

பென்சிலுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அவள் தசமம் சாரிடம் போனாள்.*

"சார், தயங்குறதுன்னா எல்லாம் தயங்கணும் இல்ல? இல்லேன்னா எங்கயோ ஒண்ணு, அங்கங்க ஒண்ணுன்னு தயங்கலாம். இது கதவுப் பக்கத்து மூலையில மட்டும் தயங்குது."

"எத்தனை?"

"பதினொண்ணுல பதினொண்ணும்."

"அப்ப அது தயக்கம் இல்லம்மா. மூலை."

"மூலைன்னா?"

"குளத்துல யாரோ கல்லை எறிஞ்சாங்க. நீ பாக்கல. ஆனா அலை எந்தக் கரைக்கு எப்ப வந்துச்சுன்னு எழுதி வச்சிருக்க. கல்லு எங்க விழுந்துச்சுன்னு நான் சொல்லிருவேன். உன் செடி ஒவ்வொண்ணும் எத்தனை நாள் தாமதம்னு குடு."

"ஏறக்குறையவா, சரியாவா?"

அவர் கையை நீட்டினார். அவள் சிரித்துவிட்டு நோட்டைக் கொடுத்தாள்.

\* இந்தப் பேச்சு நடந்தபோது நான் அங்கே இல்லை. பென்சில் பிறகு சொன்னாள். தான் இதைவிட வேடிக்கையாகப் பேசியதாகத் தசமம் சார் சொல்கிறார். நான் நம்பவில்லை.

6

மூன்று நாள் கழித்து, மாலைத் தேநீர் வேளையில், நிலையத்தின் பெரிய மேசையில் தசமம் சார் ஒரு தாளை விரித்தார். அந்த அறையின் தரைப்படம். பென்சில் ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் மறுபக்கம். கருவி பற்றி ஏதாவது கேட்க வேண்டியிருக்கும் என்று அவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"எஞ்சினியர் சார், உங்க கருவியில தப்பில்ல. ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்தா போதாது. வெளிச்சம் வந்திருக்கு. சின்ன வெளிச்சம். மூணு நிமிஷத்துக்குக் குறையாது, அஞ்சைத் தாண்டாது. பல நாள், அதே நேரத்துல."

"திரை விலகியிருந்துச்சா?" என்று பென்சில் கேட்டாள்.

"விலகியிருந்தா வெளிச்சம் கோடா விழும். இது புள்ளி." கதவுக்கு இடப்பக்கம், சுவரை ஒட்டிப் பென்சில் முனையால் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் பென்சில் அவள் கொண்டையிலிருந்து எடுத்தது. "இங்க. உயரம் அறுபது சென்டிமீட்டர்."

"அவ்வளவு கீழயா? எதுவும் தரையில வச்சிருந்தாங்களா?"

"தரைன்னா சுழியம். மேல் தட்டுச் செடியெல்லாம் தப்பிச்சிருக்கு, பலகை மறைச்சிருக்கு. கீழ்த் தட்டுதான் வாங்கியிருக்கு. நின்னா இந்த உயரம் வராது. முட்டி போட்டாலும் கொஞ்சம் கூட வரும்." தசமம் சார் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு போட்டபோது அதை அவர் எண்ணாக மட்டும்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். "யாரோ தரையில உக்காந்திருக்காங்க. கையில விளக்கோட. அசையாம."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். அந்த அறையின் தரையில் செடி மண்ணிலிருந்து உதிரும் மினுமினுப்பான தூள் கிடக்கும், உட்கார்ந்து எழுந்தால் துணியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதமாக அவர் காற்சட்டையில் அது ஒட்டியிருந்ததைப் பென்சில் தினமும் பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அவள் அதைப் பார்த்தாள் என்றும் சொல்லலாம்.

அப்போது பேராசிரியை வந்தார். தாளைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார். முகம் சுருங்கியது.

"யாரு?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். திறந்தார் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சொல்லத்தான் போனார். அந்த ஆண்டு இறுதியில் அவர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. இருள் நேரத்தில் உள்ளே போனவர் எவராக இருந்தாலும் அன்றைக்கே வெளியே என்பதுதான் அங்கே விதி.

பென்சில் முந்திக்கொண்டாள். "மேடம், எங்கேன்னுதான் கணக்கு சொல்லும். யாருன்னு சொல்லாது. இல்ல சார்?"

தசமம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லாது. அதுக்கு இந்தச் சமன்பாட்டுல இடமே இல்ல."

"அப்போ தயக்கக் கெழு?"

"இல்ல மேடம். அது கிடையாது" என்றாள் பென்சில்.

பேராசிரியை தாளை மடித்து வைத்தார். கட்டுரை போயிற்று. பிறகு என் வீட்டுக்காரரிடம், "நாளைக்கே அந்தக் கதவுக்குப் பூட்டை மாத்திருங்க. சாவி உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும். உங்களைத் தவிர யாரையும் நம்ப முடியாது போலிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தசமம் சார் அதன் பிறகுதான் சிரித்தாராம். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

நடையில் என் வீட்டுக்காரர் பென்சிலின் பின்னாலேயே போனார். "நான் ஒரு விஷயம் சொல்லணும்மா."

"அண்ணா, அண்ணி வீட்டுக்கு வந்துட்டாங்களா? எழுந்து நடக்கிறாங்களா?"

"நடக்கிறா. நான் சொல்ல வந்தது..."

"நடக்கிறாங்கல்ல? அது போதும்ணா. எனக்கு அறையைச் சுத்தம் பண்ணிக் குடுங்க. திங்கக்கிழமை திரும்ப விதைக்கணும்."

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். முதல் முறையாக அன்றைக்குத்தான் ஆரஞ்சு முழுவதையும் எனக்கே கொடுத்தார்.

7

பென்சில் சொன்னது பொய்யா? இதைப் பற்றி நான் இரண்டு நாள் யோசித்தேன். என் கதைகளில் நல்லவர்கள் பொய் சொல்வதில்லை. கணக்கு யாரென்று சொல்லாது என்பது உண்மை. ஆனால் அவளுக்கு யாரென்று தெரியும் என்பதும் உண்மை. பிரார்த்தனையில் இதைக் கடவுளிடம் கேட்டேன். பதில் வரவில்லை. வராததை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். இது சரிதானா என்று உங்களில் கண்டிப்பானவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அவள் எதையும் மறைத்து எழுதவில்லை. ஆய்வேட்டில் தனி அத்தியாயமே வைத்தாள். கட்டுப்பாடில்லாத வெளிச்சம், இன்ன இடம், இன்ன உயரம், இத்தனை நிமிடம். செடிகள் பூத்த நாளை வைத்து ஒரு விளக்கு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை. ஆனால் அந்த அத்தியாயம் நிற்க வேண்டுமானால், வெளிச்சம் படாத அறையில் நாற்பத்தெட்டும் முப்பத்தொன்பதாம் நாள் பூத்தாக வேண்டும். இன்னொரு முறைக்குத்தான் நாள் இருந்தது. இதிலும் தவறினால் ஐந்து வருடத்துக்குக் காட்ட அவளிடம் ஒன்றும் இருக்காது, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இந்த முறை அறைக்குள் எந்த விளக்கும் கூடாது என்று முடிவானது. இருள் நேரத்தில் அவசரத்துக்குப் பயன்படுத்தும் மங்கலான பச்சை விளக்கைக்கூடத் தசமம் சார் ஒத்துக்கொள்ளவில்லை.

"பச்சை ஒண்ணும் பண்ணாது சார். எல்லாரும் அதைத்தான் வச்சுக்கிறாங்க" என்றாள் பென்சில்.

"ஒண்ணும் பண்ணாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு, ஒத்துக்கிறேன்."

அவள் போடவில்லை.

8

இங்கே கதைக்கு ஒரு முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

(அ) *என் வீட்டுக்காரர் பேராசிரியையிடம் போய் உண்மையைச் சொல்கிறார். பேராசிரியை கண் கலங்கி மன்னிக்கிறார்.* வார இதழில் இதைத்தான் போட்டிருப்பார்கள். ஆனால் அவர் சொல்லவில்லை. சொன்னால் பென்சிலை, பிறகு தசமம் சாரை, எப்படித் தெரியாது என்று சொன்னீர்கள் என்று கேட்பார்கள். தன் மனப்பாரத்தை இறக்குவதற்கு அவளைப் படியாக்கக்கூடாது என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

(ஆ) *பென்சில் தோற்றுப்போகிறாள். ஆனாலும்...* இந்த 'ஆனாலும்' என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தோற்றவளுக்கு நான் எழுதும் ஆறுதலால் என்ன பயன்?

(இ) *என் வீட்டுக்காரர் பென்சிலுக்காக வாழ்நாள் முழுக்கப் பிரார்த்தனை செய்கிறார்.* செய்கிறார்தான். ஆனால் அது முடிவு இல்லை. அது பழக்கம்.

மூன்றையும் அடித்துவிட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அங்கே போகும்போது சொல்கிறேன்.

9

முப்பத்தைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் மூவரும் மதியச் சாப்பாட்டில் இருந்தோம். அவர் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. அறையில் ஏதாவது கோளாறானால் அது தானாகவே அவருக்குச் செய்தி அனுப்பும். படித்தார். நிதானமாக எழுந்து கை கழுவினார்.

"என்னங்க?"

"விசிறி நின்னுருச்சு. வெப்பம் ஏறும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஓட்டணும்."

"பென்சிலுக்குச் சொல்லிட்டீங்களா?"

"அவ அம்மாவைப் பாக்க ரயில்ல போயிட்டிருக்கா. சொன்னா அங்கேர்ந்து என்ன பண்ணுவா? பாதி வழியில இறங்குவா."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாப்பாட்டு மேசையில் கைப்பேசி கிடந்தது. மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு மகள் வாசல்வரை ஓடினாள். "அப்பா, ஃபோன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "அது வேண்டாம்மா. அங்கேயே இருக்கட்டும்."

நான்கு மணிக்கு வந்தார். வலது கையில் இரண்டு நகம் கறுத்திருந்தது, ஆள்காட்டி விரலின் தோல் கிழிந்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "விசிறி" என்றார். ஓடுகிறதா என்று கேட்டேன். "ஓடுது" என்றார். மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தார்.

நிலையத்தின் பதிவேட்டில் அன்றைய வரி இது. பிறகு ஒரு நாள், அவர் எவ்வளவு சுருக்கமாக எழுதுகிறார் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே பென்சில்தான் எனக்குக் காட்டினாள். "விசிறி நின்றது 1.40. ஓடியது 3.25. விளக்கு இல்லை." அறையின் வழக்கமான நிலையை எழுதியிருக்கிறார் என்றுதான் அவள் படித்தாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?

பக்கத்தை அவள் திருப்பிய பிறகு மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அந்த விசிறியின் மூடிக்குப் பதினொரு திருகாணி. வீட்டில் ஒரு முறை வரைந்து காட்டியிருக்கிறார். உள்ளே ஒரு பட்டை, அதை இழுத்து இரண்டு சக்கரங்களில் மாட்ட வேண்டும். கழற்றிய திருகாணிகளை எங்கே வைத்திருப்பார்? வாயிலா? செடிகள் மேல் கை படாமல் தாங்கிகளுக்கு நடுவே எப்படி நகர்ந்திருப்பார்? பட்டை எத்தனை முறை வழுக்கியிருக்கும்?

சிக்கல் இங்கேதான். ஒரு கதைக்கு இந்த இடம் உயிர்நாடி. என் தொழிலில் பழகியவர்கள் எல்லாரும் இங்கே உள்ளே போய்விடுவார்கள். அவர் மூச்சு, வியர்வை, திருகாணி ஒன்று கீழே விழுந்து உருண்ட சத்தம், தரையைக் கையால் தடவித் தேடியது. நானும் எழுதினேன், ஒன்றரைப் பக்கம். பிறகு படித்துப் பார்த்தேன். அவ்வளவும் கண்ணால் பார்த்தது போல இருந்தது. அறையில் பார்ப்பதற்கு வெளிச்சமே இல்லை. நான் எழுதிய ஒவ்வொரு வரியும் உள்ளே ஒரு விளக்கைக் கொண்டுபோயிருந்தது.

அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அது இருந்த இடம் இது:

[                                        ]

முன்பு அவர் உட்கார்ந்திருந்ததைச் செடிகள் பார்த்தன, பார்த்ததை நாள் கணக்கில் சொல்லிக் கொடுத்தன. இந்த முறை அவற்றுக்கும் ஒன்றும் தெரியாது. முப்பத்தொன்பதாம் நாள் பென்சில் மதியமே வந்து கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். மாலை ஆறு மணிக்கு விளக்குகள் எரிந்ததும் உள்ளே போய் ஒவ்வொன்றாக எண்ணினாள். நாற்பத்தெட்டு. தசமம் சார் மறுபடி எண்ணினார். நாற்பத்தெட்டு. அந்தச் செடிகள் எல்லாம் சரியான நாளில் பூத்தன என்பதைத் தவிர அவற்றிலிருந்து வேறெதையும் எந்தக் கணக்காலும் எடுக்க முடியாது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும். நான் இதை எழுதிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டேன். கதையை அச்சுக்குக் கொடுக்கலாமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. இது உங்கள் கைக்கு வந்திருந்தால் கொடுத்துவிட்டேன் என்று பொருள், அதற்காக என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடைப்புக்குறிக்குள் விட்ட இடத்தை நிரப்ப உங்களுக்கு உரிமை உண்டு. நிரப்பாமல், வெளியே அந்த நடையில் என்னோடு கொஞ்ச நேரம் நின்றாலும் போதும். மணி மூன்று இருபத்து நான்கு. ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்தில் ஆள் இல்லை. கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே இன்னும் விசிறிச் சத்தம் கேட்கவில்லை.